ராணியம்மாவின் கறுப்பும் எங்கள் அமுச்சியின் வெள்ளையும்

(தலைப்பு: “மனிதர் உடை மாற்றுவது உடலுக்காகவா? ஊருக்காகவா?” – ‘ஊருக்காகவே’ அணியில் இரண்டாவது பேச்சு – கோவை அரங்கம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் அழகாகச் சொன்னார். “குளிருக்குக் கம்பளி, வெயிலுக்குப் பருத்தி. உடம்பு கேட்குது, துணி கொடுக்கறோம். இதுல ஊர் எங்கே வந்துச்சு?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனா ஒரு சந்தேகமுங்க. உடம்பு கேட்டுத்தான் உடுப்பு மாறுதுன்னா, ஒரு நாட்டுப் பொம்பளைங்களுக்கு 64 வருஷத்துல ஆறு தடவை உடம்பு மாறியிருக்கணும். ஒருக்கா மணி மாதிரி, ஒருக்கா கூடை மாதிரி, ஒருக்கா பின்னாடி திண்ணை வெச்ச வீடு மாதிரி! (சிரிப்பு)

அந்த நாடு இங்கிலாந்து. அந்த 64 வருஷம், விக்டோரியா மகாராணி ஆண்ட 1837-லிருந்து 1901 வரைக்கும். “கோயமுத்தூருல உட்கார்ந்துக்கிட்டு லண்டன் கதை எதுக்கு?” என்று நடுவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிகிறது. அந்தக் கதையில் நம்ம ஊர்ப் பருத்திக்காடும் இருக்குதுங்க. எங்க அமுச்சியும் இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது வயசு 18. அப்போது அங்கே பெண்ணுக்கு அழகு என்றால் சரிந்த தோள், பிடிக்குள் அடங்குகிற இடுப்பு, கீழே கவிழ்த்து வைத்த கோயில் மணி மாதிரிப் பாவாடை. இடுப்பு அப்படி அடங்குமா? அடங்காது. அடக்கினாங்க. திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த நார் எலும்பை வைத்துத் தைத்த ஒரு கச்சு. முதுகுப் பக்கம் கயிறு. ஒருத்தி இழுத்துக் கட்ட, இன்னொருத்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாள். பாவாடை விரிந்து நிற்க உள்ளுக்குள் நாலு, அஞ்சு, ஆறு பாவாடை. அதில் ஒன்று குதிரைமயிர் சேர்த்து நெய்தது, விறைப்பாக நிற்பதற்கு.

1856-ல் ஒரு புதுச் சாமான் வந்துச்சு. எஃகு வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நாடாவில் கோத்த ஒரு கூண்டு. நம்ம ஊருல கோழி கவுக்கற கூடை இருக்குதல்ல, அதேதான். அதை இடுப்பில் மாட்டி, மேலே ஒரு பாவாடையைப் போட்டா போதும். (சிரிப்பு) நேர்மையாச் சொல்லோணும்னா, ஆறு பாவாடைச் சுமை அதனால் குறைஞ்சுது. காலுக்கும் வீச்சாக நடக்க இடம் கிடைச்சுது. எதிரணி இதைக் குறிச்சுக்கலாம். ஆனா எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்ததையும் கேளுங்க. சுமை குறைஞ்சா உடம்புக்குச் சந்தோஷம். ஊரு சும்மா இருந்துச்சா? கூண்டை அகலப்படுத்திக்கிட்டே போச்சு. வாசல்படியில் மாட்டிக்கொண்டது, வண்டியில் ஏற முடியாமல் போனது எல்லாம் அன்றைய பத்திரிகைகளுக்குக் கேலிச் சித்திரம். கேலிக்கு அப்பால் ஒரு கொடுமையும் இருந்தது. விரிந்து நிற்கிற மெல்லிய துணி. வீட்டுக்கு வீடு கணப்பு, மெழுகுவத்தி. பக்கத்தில் போவது அவளுக்கே தெரியாது. அப்படித் தீப்பிடித்துச் செத்த பெண்கள் நிறைய. அமெரிக்காவில், வேறு விதமாக உடுப்பில் தீப்பற்றி, லாங்ஃபெலோ என்ற பெரிய கவிஞரின் மனைவி 1861 ஜூலையில் இறந்தார். அணைக்கப் போன அந்தக் கவிஞருக்கு முகத்தில் தீப்புண். அதற்குப் பிறகுதான் அவர் தாடி வளர்த்தார். படத்தில் நாம் பார்க்கிற அந்த வெள்ளைத் தாடிக்குப் பின்னால் இருப்பது ஒரு உடுப்பு.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். 1870 வாக்கில் முன்பக்கம் தட்டையாகி, துணியெல்லாம் பின்பக்கம் திரண்டுச்சு. 1870-களின் கடைசியில் அது போய், காலோடு ஒட்டின குழாய் மாதிரி ஆச்சு. எட்டு வைக்க முடியாது. 1880-களில் மறுபடியும் பின்பக்கம் வந்துச்சு, இந்தத் தடவை சொம்பு வைக்கலாம், அவ்வளவு சமதளம். 1895 வாக்கில் பின்பக்கம் அடங்கி, கை ரெண்டும் தலையணையாக ஊதிடுச்சு. 1881-ல் லண்டனில் சில பெண்கள் சேர்ந்து அறிவுக்கு ஏற்ற உடைக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய புரட்சி இல்லீங்க. உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டுக்கு மேல் போக வேண்டாம் என்றார்கள். 7 பவுண்டு என்றால் மூணு கிலோவுக்கு மேல்! அதையே குறைந்தபட்ச நியாயமாகக் கேட்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் என்ன சுமந்தாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அந்த உடுப்போட நம்ம கோயமுத்தூர் வெயிலில் ஒரு மத்தியானம் நின்னு பாக்கோணும். அதனாலயோ என்னவோ, நம்ம ஜில்லா கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களிலேயே உதகை மலையில் போய்க் கல்வீடு கட்டினார். 1870-லிருந்து வெயில் காலத்தில் சென்னை அரசாங்கமே மலை ஏறிடுச்சு. துரைசாணிமாருக்கு உடுப்பை மாத்தறதை விட ஊரை மாத்தறது சுலபமா இருந்திருக்குது! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ நம்ம காட்டுக்கு வாங்க.

இத்தனை துணிக்கும் பஞ்சு வேணும். லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு அமெரிக்காவிலிருந்து போச்சு. அங்கே அதை அடிமைகள் பறித்தார்கள். ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்று கம்பெனி யோசித்தது. 1840-ல் அமெரிக்காவிலிருந்து பருத்தி வெள்ளாமை தெரிந்த ஆட்களை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. கோயமுத்தூரில் பண்ணை போட்டார்கள். 1842-லிருந்து 1853 வரை அதைப் பார்த்துக்கொண்டவர் ராபர்ட் வைட் என்ற டாக்டர். தென்னாட்டுச் செடிகொடிகளைப் படம் வரைய வைத்துப் புத்தகம் புத்தகமாகப் போட்ட மனிதர் அவர். செடி ஆராய்ச்சியில் அவர் பேர் இன்றும் நிற்கிறது. பருத்தியில் அந்த அளவுக்கு நிற்கவில்லை. நம்ம குடியானவர் உப்பம் பருத்தியும் நாடன் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தார். இழை குட்டை, ஆனால் நம்ம மண்ணும் மழையும் தெரிந்த செடி. மில்லுக்கு வேண்டியது நீள இழை. மில்லுக்குப் பிடித்த செடிக்கு நம்ம மழை பிடிக்கலை.

அப்புறம் 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். பஞ்சு வரத்து நின்னுது. லங்காஷயர் திணறுது, இங்கே பஞ்சு விலை ஏறுது. 1862-ல் போத்தனூருக்கு ரயில் வந்துடுச்சு. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் மலபார்க் கரை. 1865-ல் போர் முடிஞ்சுது, விலை இறங்கிடுச்சு. வித்த பஞ்சு பஞ்சாவே திரும்பி வராதுங்களே! மல்லுத் துணியா வந்துச்சு. பளபளன்னு, மெல்லிசா, கைத்தறியை விட விலை கம்மியா. ராட்டையில் நூற்ற கைகளுக்கு வேலை போச்சு. தறிக்காரர் மில் நூலை வாங்கி நெய்ய ஆரம்பித்தார். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நம்ம ஊரிலேயே நூல் மில் வைத்தார். அந்த மில்லிலிருந்துதான் இன்றைய கோயமுத்தூர் முளைத்தது. அது வேற பட்டிமன்றம்.

இந்த மல்லுத் துணியை ஏன் சொல்றேன்னா, ரவிக்கை தைக்கறதுக்குத் தோதான துணி அது.

ரவிக்கையே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது முழுசா சரியில்லீங்க. கச்சு நம்ம பழைய இலக்கியத்திலேயே இருக்குது. ரவிக்கை என்ற வார்த்தையே தெலுங்கிலும் கன்னடத்திலும் நமக்குப் பங்காளி. ஆனா நம்ம கொங்குக் காட்டில் களை எடுக்கிற பொம்பளைக்கு அது கிடையாது. பதினாறு முழச் சேலை. பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை மாரைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு காட்டுக்குப் போவாள். குனிந்து நிமிரலாம், வேர்வை காயும், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். உடம்புக்காக உடை என்று எதிரணி சொல்கிறதே, அதுக்கு நல்ல உதாரணம் அந்தச் சேலைதான்! அந்த உடையைத்தான் ஊர் வெட்கப்பட வைத்தது.

உடல், அளவாக வெட்டின கை, முன்பக்கம் பொத்தான் என்று தையல் ரவிக்கை பரவியது விக்டோரியா காலத்திலும் அதற்குப் பிறகும்தான். பள்ளிக்கூடம், மிஷன், ரயில், உத்தியோகஸ்தர் வீடு, இப்படி ஒவ்வொரு வாசலாக வந்தது. 1851-ல் சிங்கர் காப்புரிமை வாங்கின தையல் மிஷின், கொஞ்ச காலத்தில் நம்ம ஊர்த் திண்ணைக்கும் வந்துவிட்டது. லண்டனில் ஊதின கை இங்கே பஃப் கையாக வந்து, அங்கே செத்த பிறகும் இங்கே பல வருஷம் உயிரோடு இருந்தது. 1894-ல் ரவிவர்மா அச்சகம் வைத்தார். லட்சுமியும் சரஸ்வதியும் சேலையும் ரவிக்கையுமாக வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். சாமியே போட்டிருக்குது, உனக்கு என்ன என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஆண்களைப் பற்றி ஒரு வரி. அவங்களுக்கும் மாறுச்சு. மேலே கோட்டு, கீழே வேட்டி, தலையில் உருமால். பாதி லண்டன், பாதி பொள்ளாச்சி. யாரும் கேட்கலை. (சிரிப்பு)

தெற்கே திருவிதாங்கூரில் கதை வேற. அங்கே நாடார் பெண்கள் மாரை மூட ஆசைப்பட்டாங்க. மேல்சாதிக்காரர் விடலை. தெருவில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், வீட்டை எரித்தார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். அதிலும் ஒரு கொக்கி: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக் கூடாது! வெயிலா, குளிரா, எதற்காகங்க அந்தக் கொக்கி? அந்தப் பெண்களின் உடம்புக்கும் மேல்சாதிப் பெண்களின் உடம்புக்கும் என்ன வித்தியாசம்? ஊர் வைத்த வித்தியாசம்தானே! (கைதட்டல்)

சரி, மகாராணிக்கு வர்றேன். 1840-ல் கல்யாணத்துக்கு அவங்க உடுத்தினது வெள்ளை. அதைப் பார்த்துத்தான் வெள்ளை என்றால் மணப்பெண் என்று அந்த நாடே பழகியது. 1858-ல் மூத்த மகள் கல்யாணத்துக்கு ஊதா நிறத்தில் வந்தாங்க. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பெர்க்கின் என்கிற 18 வயசுப் பையன் மலேரியா மருந்து செய்யப் போய், தவறிப்போய் ஒரு ஊதாச் சாயம் கண்டுபிடித்திருந்தான். ராணியம்மா ஊதா கட்டியதும் ஊரே ஊதா. சாயவேரையும் அவுரியையும் நம்பியிருந்த நம்ம நாட்டுச் சாயக்காரனுக்கு அதிலிருந்துதான் தலைவலி ஆரம்பம்.

1861 டிசம்பர் 14. கணவர் ஆல்பர்ட் இறந்தார். ராணியம்மா கறுப்பு உடுத்தினாங்க. அதற்குப் பிறகு 39 வருஷம், சாகிற வரைக்கும் கறுப்புத்தான்.

ஆனா அவங்க நாட்டில் மற்ற விதவைகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் ஒரு வருஷமும் ஒரு நாளும் முழுக் கறுப்பு, மினுக்கம் இல்லாத கிரேப் துணி. பிறகு கிரேப் குறையும். பிறகு சாம்பல், இளம் ஊதா என்று நிறம் திரும்பும். இரண்டு, இரண்டரை வருஷத்தில் முடிந்துவிடும். துக்கத் துணி விற்கிறதுக்கே லண்டனில் 1841-ல் தனிப் பெரிய கடை திறந்தார்கள். பணக்காரி வாங்கினாள், ஏழை கடன்பட்டாள். மனைவி செத்த ஆண்பிள்ளைக்கோ கறுப்புக் கோட்டு போதும், அது எப்படியும் அவனிடம் இருந்தது. கொடுமைதான், மறுக்கலை. ஆனாலும் அதுக்கு ஒரு முடிவு தேதி இருந்துச்சு.

எங்க அமுச்சிக்கு முடிவு தேதி இல்லீங்க.

அவங்க பிறந்தது 1910 வாக்கில், அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு அவங்க அப்பா திருப்பூரில் துணி எடுத்து ரவிக்கை தைத்துக் கொடுத்தாராம். ஊரில் ரவிக்கை போட்ட நாலஞ்சு பொம்பளைகளில் அமுச்சி ஒருத்தி. அதைச் சொல்லும்போது கிழவிக்கு முகம் மாறும். 22 வயசில் அப்புச்சி செத்துப்போனார். கையில் ஒரு பொம்பளைப் பிள்ளை, எங்க அம்மா. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வெள்ளைச் சேலை கொண்டுவந்தார். அன்றைக்கு ரவிக்கையைக் கழட்டினது. கண்டாங்கி போச்சு, ரவிக்கை போச்சு. எங்க அப்புச்சியின் பங்காளி ஒருத்தருக்கும் அதே வருஷம் சம்சாரம் செத்துப்போச்சு. அவர் மூணாம் மாசம் புது வேட்டி கட்டி, உருமால் கட்டி, மறுபடியும் மாப்பிள்ளை ஆனார். காந்தியடிகள் 1921-ல் மதுரையில் தானாகச் சட்டையைக் கழட்டினார். உலகமே கும்பிட்டது, கும்பிடத்தான் வேணும். அமுச்சியின் ரவிக்கையை ஊர் கழட்டியது. அமுச்சியைக் கேட்டுக் கழட்டலை.

1981. எங்க அண்ணன் கல்யாணம். எனக்கு 16 வயசு. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் ஒரு வெள்ளை ரவிக்கை தைத்துக் கொண்டுவந்து அமுச்சிக்குக் கொடுத்தேன். வாங்கி, தடவிப் பார்த்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டாங்க. போடலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரங்க நாலு பேர் வந்தாங்க. “பொண்ணு வூடு டவுனுக்காரங்க. போட்டோ எடுக்கறாங்க. அமுச்சிய ஒரு ரவிக்கை போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க, இல்லீன்னா நமக்குத்தான் மரியாதை இருக்காது” என்றார்கள். அதில் ஒருத்தர் யார் தெரியுமா? அன்றைக்கு மூணாம் மாசம் மாப்பிள்ளை ஆனாரே, அவருடைய மகன்.

அமுச்சி எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாங்க. திரும்பிப் பார்க்காமலே சொன்னாங்க: “ஏஞ் சாமி, அன்னைக்குப் போட்டா மானம் போயிரும்னீங்க. இன்னைக்குப் போடலீன்னா மானம் போயிரும்ங்கறீங்க. எதுல போவுதுன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்கு எருமை இருக்குது.”

(நீண்ட கைதட்டல்)

கைதட்டறீங்க. அன்னைக்கு யாரும் தட்டலை. அந்தக் கல்யாண ஆல்பத்தில் அறுபது போட்டோ இருக்குது. அமுச்சி ஒண்ணுல கூட இல்லை.

விக்டோரியா ராணி தன் சாவுக்கு என்ன செய்யணும் என்று 1897-லேயே எழுதி வைத்துவிட்டாங்க. எனக்குக் கறுப்பு வேண்டாம், வெள்ளை உடுத்துங்க என்று. 1901 ஜனவரியில் அப்படியே செய்தார்கள். வெள்ளை உடுப்பு, முகத்துக்கு 1840 கல்யாணத்து முக்காடு. 39 வருஷக் கறுப்பைக் கடைசியில் கழட்டிவிட்டுப் போனாங்க. ராணி சொன்னா யார் மறுக்கறது?

அமுச்சி 1990-ல் போனாங்க. எதுவும் எழுதி வைக்கலை, எழுதத் தெரியாது. வந்தது வெள்ளைச் சேலை, போனதும் வெள்ளைச் சேலை.

நடுவர் மணி அடிக்கப் போகிறார். ஒரே ஒரு விஷயம், ஐயா. எங்க அணிக்கு இது பாதகம்தான், ஆனா மறைக்க மனசு வரலை. காரியமெல்லாம் முடிந்து அமுச்சியின் தகரப் பெட்டியைத் திறந்தோம். நான் தைத்த ரவிக்கை இருந்தது. பதினாறு வயசுப் பிள்ளை தைத்தது, கை இறுக்கமாக வைத்திருந்தேன். அந்தக் கைத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்த துணியை வெளியே விட்டு, கறுப்பு நூலில் கையாலேயே தைத்திருந்தாங்க. கக்கத்தில் வேர்வைக் கறை இருந்தது. எப்போ போட்டாங்க, எங்கே போட்டாங்க, யாருக்கும் தெரியாது. நாங்க யாரும் பார்க்கலை.

அது மட்டும் ஊருக்காக இல்லீங்க. அந்த ஒண்ணை எதிரணிக்கு விட்டுக் கொடுக்கறேன்.